இலையைப் பார்த்து வாங்குங்கள்

ஆனியில் மேல்காற்று திரும்பிச் சாரல் விழத் தொடங்கியதும் குற்றாலம் ஐந்தருவிச் சாலையில் பழக்கடைகள் முளைத்துவிடும். மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாக இருக்கும். அவற்றுக்கு நடுவே, வண்டியில் வந்து இறங்கிய ரோஜாச் செடிகள். கறுப்புப் பையில் ஒரு முழ உயரச் செடி. உச்சியில் ஒரே பூ, உள்ளங்கை அகலம். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போவது கடினம். நானும் ஒரு வருடம் நின்றுவிட்டேன். மஞ்சள் இதழ், விளிம்பில் சிவப்புத் தீற்றல். அப்படி ஒரு பூவை எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை. கீழ் இலைகளில் மூன்று நான்கு கரும்புள்ளிகள் தெரிந்தன. "இது என்னது?" என்று கேட்டேன்.

"இலையை எதுக்குப் பாக்கீங்க அண்ணாச்சி, பூவைப் பாருங்க" என்றார் செடிக்காரர்.

பூவைப் பார்த்தேன், வாங்கினேன். ஆவணி முடிவதற்குள் அந்தச் செடியில் ஓர் இலைகூட மிஞ்சவில்லை. புரட்டாசி வெயிலில் துளிர்த்தது, ஐப்பசி மழையில் அந்தத் துளிரும் கொட்டியது. தைக்குள் கிளைகள் நுனியிலிருந்து கறுத்து இறங்கின. சித்திரையில் வெறும் குச்சி. அதே வளாகத்தில் கிணற்றடியில் அம்மா என்றோ ஊன்றிய பன்னீர் ரோஸ் மட்டும் எப்போதும்போல் நின்றது. அதன் இலையிலும் புள்ளி விழுந்தது, சில இலைகள் உதிர்ந்தன. ஆனால் செடி மொட்டையாகவில்லை, பூப்பதையும் நிறுத்தவில்லை. ஒரே மண், ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே சாரல். பின் எதனால் ஒன்று பிழைத்தது, ஒன்று செத்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடப் போனால் பிரான்சு, பாரசீகம், சீனா, மணிப்பூர், கொடைக்கானல் என்று சுற்றி வரவேண்டியிருக்கிறது.

முதலில் நம் ஊர்க் காற்றைப் பார்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வரும்போது ஆரியங்காவு, செங்கோட்டைப் பக்கம் சற்றுத் தாழ்ந்து ஒரு கணவாயாகத் திறக்கிறது. கேரளத்தில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை அந்த வழியாகக் காற்றோடு சிதறி இந்தப் பக்கம் வந்து விழுவதுதான் சாரல். மழைமானியில் அது பெரிய கணக்காக நிற்காது. பத்து நிமிடம் தூறும், வெயில் எட்டிப் பார்க்கும், மறுபடி தூறும். மனிதருக்கு இதைவிடச் சுகமான பருவம் வேறில்லை. ரோஜா இலைக்கோ, காயவே நேரம் கிடைக்காத பருவம்.

கரும்புள்ளி நோய்க்கு வேண்டியது அதுதான். டிப்ளோகார்ப்பன் ரோசே என்ற பூஞ்சை அந்த நோயை உண்டாக்குகிறது. அதன் வித்து இலையில் வந்து விழுந்தால் மட்டும் போதாது. இலை தொடர்ந்து ஏறத்தாழ 7 மணி நேரம் ஈரமாக இருந்தால்தான் முளைத்து உள்ளே நுழையும். வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இருந்தால் அதற்கு மிக வசதி. ஒரு நாளில் 10 சென்டிமீட்டர் மழை கொட்டி, மறுநாள் வெயில் அடிக்கும் ஊரைவிட, மில்லிமீட்டர் கணக்கில் நாள் முழுவதும் தூறும் ஊர்தான் இந்தப் பூஞ்சைக்குச் சொர்க்கம். வித்துகள் பெரும்பாலும் நீர்த்துளி தெறிப்பதில்தான் பரவுகின்றன. சாரல் துளி கீழே கிடக்கும் பழைய இலையில் விழுந்து, தெறித்து, கீழ்க்கிளை இலையில் ஒட்டுகிறது. அதனால்தான் நோய் எப்போதும் அடியிலிருந்து மேலே ஏறுகிறது.

புள்ளி விழுந்த இலை ஏன் உதிர வேண்டும்? புள்ளியைச் சுற்றிலும் எவ்வளவோ பச்சை மிச்சமிருக்கிறதே. நோய் தாக்கிய இலையில் எத்திலீன் வாயு அதிகமாகச் சுரக்கிறது. வாழைத்தார் பழுப்பதற்குக் காரணமான அதே வாயு. அது இலைக்காம்பின் அடியில் ஒரு பிரிகோட்டை உண்டாக்கி, மஞ்சளான இலையைக் கழற்றிவிடுகிறது. செடி தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைச் செலவழித்துப் புதிதாகத் துளிர்க்கும். அதுவும் கொட்டும். இப்படி இரண்டு மூன்று முறை நடந்தால் கையிருப்பு தீர்ந்துபோகும். அப்புறம் கோடை வெயில், நுனிக்கருகல். என் மஞ்சள் ரோஜாவுக்கு நேர்ந்தது இதுதான். ஐரோப்பாவில் இதே நோய் வந்தாலும் அங்கே ஒரு குளிர்காலம் உண்டு. நவம்பரில் எப்படியும் இலை உதிர்ந்து செடி மூன்று நான்கு மாதம் தூங்கும். நம் ஊரில் செடிக்குத் தூக்கமே கிடையாது. பன்னிரண்டு மாதமும் வளர்ந்தாக வேண்டும், அதற்குப் பன்னிரண்டு மாதமும் இலை வேண்டும்.

அந்தச் செடி மஞ்சளாக இருந்ததும் தற்செயல் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் முடிவு வரை ஐரோப்பியத் தோட்ட ரோஜாக்களில் அழுத்தமான மஞ்சள் நிறம் கிடையாது. வெள்ளை, இளஞ்சிவப்பு, கருஞ்சிவப்பு, மிஞ்சிப்போனால் வெளிறிய மஞ்சள். பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் பெர்னே-தூஷே என்ற செடி வளர்ப்பாளர், பாரசீக மஞ்சள் ரோஜா என்று அழைக்கப்பட்ட ரோசா ஃபெட்டிடா வகையைத் தோட்ட ரோஜாவோடு கலக்கப் பல ஆண்டுகள் போராடி, 1900இல் 'சொலேய் தோர்' என்ற ரகத்தை வெளியிட்டார். பொன் சூரியன் என்று பொருள். இன்று பூக்கடையில் நாம் பார்க்கும் மஞ்சள், ஆரஞ்சு, இருநிற ரோஜாக்களில் பெரும்பாலானவற்றின் குடும்ப மரத்தில் அது இருக்கிறது. ஆனால் ரோசா ஃபெட்டிடா மேற்கு ஆசியாவின் வறண்ட நிலத்துச் செடி. கோடையில் மழை நனைக்காத இடத்தில் வளர்ந்ததற்குக் கரும்புள்ளிப் பூஞ்சையை எதிர்க்கும் அவசியம் வந்திருக்காது. நிறத்தைக் கொடுத்தபோது அந்தப் பலவீனத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டது. பாலைவனப் பக்கத்துப் பாட்டியின் பேத்தியை நான் சாரலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

அப்படியானால் கிணற்றடிச் செடியின் பாட்டி யார்? பன்னீர் ரோஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் செடிகளில் பல, தோட்டக்கலைத் துறையினர் எட்வர்ட் ரோஜா என்று குறிப்பிடும் வகையைச் சேர்ந்தவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உதிரிப்பூவுக்காகப் பரிந்துரைக்கும் ரகங்களில் ஆந்திரா சிவப்போடு இதுவும் உண்டு. இந்தப் பெயரின் வேர் இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது. இன்று ரீயூனியன் என்று அழைக்கப்படும் தீவுக்கு அன்று பூர்போன் என்று பெயர். அங்கே குடியேறியவர்கள் நிலத்துக்கு ரோஜாவாலேயே வேலி போட்டிருந்தார்கள்: ஒரு வரிசை டமாஸ்க் ரோஜா, ஒரு வரிசை சீன ரோஜா. இரண்டும் தாமாகவே கலந்து வேலியில் முளைத்த செடியை உள்ளூரில் 'ரோஸ் எத்வார்' என்றார்கள். 1817இல் ப்ரேயோன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் அதைக் கவனித்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் விதை பாரீசுக்குப் போய், பூர்போன் ரோஜா என்ற ஒரு பெரிய வம்சமே உருவானது. டமாஸ்க்கிடமிருந்து மணம், சீன ரோஜாவிடமிருந்து ஓயாமல் பூக்கும் குணம். வெப்பத் தீவில், கடல் மழையில், யாரும் மருந்தடிக்காத வேலியில் பிழைத்து நின்ற செடி அது. நம் கிணற்றடி அதற்குப் பழகிய இடம்தான்.

ஓயாமல் பூக்கும் குணத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். காட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை வருடத்துக்கு ஒரே முறைதான் பூக்கும். மீதி நாளெல்லாம் கொடியாகப் படர்வதோடு சரி. அவற்றில் கே.எஸ்.என். என்ற மரபணு ஒன்று 'இப்போது பூக்காதே' என்று செடியைத் தடுத்துக்கொண்டே இருக்கிறது. சீன ரோஜாவில் என்றோ ஒரு காலத்தில், இடம்விட்டு இடம் தாவும் ஒரு மரபணுத் துண்டு நேராகப் போய் அந்த மரபணுவின் நடுவில் உட்கார்ந்துகொண்டது. தடை வேலை செய்யாமல் போயிற்று. செடிக்கு எல்லா மாதமும் பூக்கும் மாதமாகிவிட்டது. பிரெஞ்சு, ஜப்பானிய ஆய்வாளர்கள் இதை 2012இல் விளக்கினார்கள். 2018இல் 'ஓல்டு பிளஷ்' என்ற பழைய சீன ரோஜாவின் முழு மரபணுத் தொகுதியும் படிக்கப்பட்டது. மல்லிகைக்கும் பிச்சிக்கும் பருவம் உண்டு, வீட்டு ரோஜாவுக்குப் பருவமே இல்லாததற்குக் காரணம் சீனத்துச் செடியில் நேர்ந்த அந்த ஒரு விபத்துதான்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. இந்தக் குணம் ஒடுங்கு பண்பு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் உடைந்த பிரதியே வந்தால்தான் பிள்ளை ஓயாமல் பூக்கும். ஒரு காட்டு ரோஜாவின் நோய் எதிர்ப்பை வேண்டி அதைத் தோட்ட ரோஜாவோடு கலந்தால், முதல் தலைமுறைப் பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். அதுவும் இரண்டு மூன்று வருடம் காத்திருந்த பிறகு. அவற்றை மறுபடி தோட்ட ரோஜாவோடு கலந்து, பிள்ளைகளில் சலித்து, மறுபடி கலந்து... ஒருவரின் வாழ்நாள் இப்படியே கழிந்துவிடும்.

அப்படி வாழ்நாளைக் கொடுத்த ஒரு தம்பதி நமக்கு அருகிலேயே இருந்தார்கள் என்பது பலருக்குத் தெரியாது. எம்.எஸ். வீரராகவன் இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். விருப்ப ஓய்வு பெற்று, மனைவி கிரிஜாவோடு கொடைக்கானலில் குடியேறி ரோஜா இனவிருத்தியில் இறங்கினார். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. உலகச் சந்தையில் இருக்கும் ரோஜாக்கள் எல்லாம் குளிர்நாட்டில், குளிர்நாட்டுக்காக உருவானவை. வெப்பநாட்டு ரோஜாவை வெப்பநாட்டுக் காட்டு ரோஜாவிலிருந்து உருவாக்கினால் என்ன?

அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இரண்டு காட்டுச் செடிகளும் இந்தியாவைச் சேர்ந்தவை. ஒன்று ரோசா ஜைகாண்டியா. மணிப்பூரின் சிரோஹி மலையில் 1882இல் ஜார்ஜ் வாட் என்ற தாவரவியலாளர் கண்டறிந்தது; பெரிய வெளிர்மஞ்சள் பூ, மரத்தின் மேல் ஏறிப் படரும் கொடி. அதைத் தேடி இந்தத் தம்பதி 1990இல் மணிப்பூருக்கே போய் விதை கொண்டுவந்தார்கள். அதிலிருந்து பிறந்த ஒரு ரகத்துக்கு 'சர் ஜார்ஜ் வாட்' என்றே பெயர் வைத்தார்கள். மற்றொன்று ரோசா கிளினோஃபில்லா. என் மனம் அதிகம் ஒட்டிக்கொள்வது இந்தச் செடியோடுதான். வங்காளம், பீகார்ப் பக்கம் ஆற்றங்கரையிலும் சதுப்பிலும் வளர்வது. வெள்ளம் வந்தால் வேர் தண்ணீரில் நிற்கும். வெள்ளம் வடிந்தால் கோடை வெயிலில் காயும். இரண்டையும் தாங்கி, வருடம் முழுவதும் இலையோடு நிற்கும் வெள்ளைப் பூச் செடி. சாரலையும் சித்திரையையும் மாறி மாறிப் பார்க்கும் தென்காசிக்கு இதைவிடப் பொருத்தமான மூதாதையை எங்கே போய்த் தேடுவது?

கலப்பதில் இன்னொரு முட்டுக்கட்டை குரோமோசோம் எண்ணிக்கை. ரோஜாப் பேரினத்தின் அடிப்படை எண் 7. இந்தக் காட்டு ரோஜாக்களில் 14, கடையில் விற்கும் நவீன ரோஜாக்கள் பெரும்பாலானவற்றில் 28. இரண்டையும் கலந்தால் பிள்ளைக்கு 21. ஒற்றைப்படையாகிவிடுவதால் அவை இணைசேர முடியாமல் தடுமாறும். அந்தச் செடியில் வளமான விதை அரிது. ஆகவே 14 உள்ள பழைய டீ ரோஜாக்களையும் சீன ரோஜாக்களையும் துணைக்கு எடுக்கவேண்டியிருக்கிறது. இப்படிக் குரோமோசோம்களை எண்ணுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர் ஒருவர் உண்டு: தலச்சேரியில் பிறந்து, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் உழைத்து, 1945இல் டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் அட்டவணையை வெளியிட்ட ஜானகி அம்மாள். கொடைக்கானல் தம்பதி தங்கள் ரோஜா ஒன்றுக்கு 'இ.கே. ஜானகி அம்மாள்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். தங்கள் அனுபவத்தை 2023இல் வெளிவந்த ஆங்கில நூலிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். வெப்பம் கூடிவரும் உலகத்துக்கான ரோஜா என்பதே அந்த நூலின் அக்கறை.

அவர்களின் ரோஜாக்கள் பல, நம்மைவிட அமெரிக்கத் தோட்டக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கொடைக்கானலில் பிறந்த செடி தென்காசிச் செடிக்கடைக்கு வரவில்லை. இது எனக்கு உண்மையான வருத்தம். கடைக்கு வருவது ஓசூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆந்திராவின் கடியத்திலிருந்தும் லாரி ஏறும் செடிகள். அவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வேறு வேலைக்காகப் பிறந்தவை என்பதைத் தவிர. ஓசூர்ப் பக்கம் பசுமைக்குடில்களில் வளரும் 'தாஜ் மகால்' போன்ற கொய்மலர் ரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீளமான காம்பு, ஒரே அளவு மொட்டு, ஜாடியில் பல நாள் வாடாமை. இவற்றுக்காகவே தேர்ந்தெடுத்த ரகம். அதன் தலைக்கு மேல் எப்போதும் பாலித்தீன் கூரை. மழைத்துளி இலையில் படவே படாது. வாழ்நாளில் நனைந்தே பழகாத ஒரு செடியை ஐந்தருவிச் சாலையில் வாங்கி இலஞ்சியில் நட்டால், அது என்ன செய்யும் பாவம்.

மணத்தின் கதையும் இதையொட்டியதே. ரோஜா மணத்தின் முக்கியமான பொருட்களில் ஒன்று ஜெரானியால். அதை ரோஜா உண்டாக்கும் வழியில் நட்எக்ஸ்-1 என்ற நொதி நிற்கிறது என்பதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2015இல் கண்டுபிடித்தார்கள். மணம் மிகுந்த 'பப்பா மெய்யான்' ரகத்தையும் மணமே இல்லாத 'ரூஜ் மெய்யான்' ரகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது, மணமில்லாத ரகத்தில் அந்த நொதிக்கான மரபணு சும்மா கிடந்தது. காம்பையும் ஜாடி ஆயுளையும் மட்டும் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததில் அந்த மரபணுவைக் கவனிப்பார் இல்லாமல் போயிற்று. தலையில் சூடவும் சாமிக்கு வைக்கவும் ரோஜா வாங்கும் நமக்கு இது சின்ன இழப்பு இல்லை.

டெல்லியில் நடந்த முயற்சியையும் சொல்லவேண்டும். பி.பி. பால் கோதுமை விஞ்ஞானி. 1965இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர் ஆனவர். துரு நோயைத் தாங்கும் கோதுமைக்காக உழைத்த அதே கை ஓய்வுநேரத்தில் ரோஜாவைக் கலந்தது. 'ரோஸ் ஷெர்பத்', 'டெல்லி பிரின்சஸ்', 'டாக்டர் ஹோமி பாபா' என்று பல ரகங்கள். டெல்லியின் பூசா வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பணியைத் தொடர்ந்து 'ரக்தகந்தா' முதல் 'பூசா அருண்' வரை எத்தனையோ தந்திருக்கிறது. பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 'அர்கா' வரிசையைத் தந்தது. ஏற்காட்டிலிருந்தும் ரகங்கள் வந்தன. எல்லாம் மதிப்புள்ள வேலை. ஆனால் டெல்லி ரோஜா 45 டிகிரிக் கோடையைத் தாண்டி, உலர்ந்த குளிர்காலத்தில் பூப்பதற்குத் தேறியது. பெங்களூரும் ஏற்காடும் மேட்டுநிலம். குற்றாலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 160 மீட்டர்தான். வெப்பமும் ஓயாத ஈரமும் சேர்ந்த இந்த நிலையில் எந்த ரகத்தையும் யாரும் வரிசையாக நட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

வெளிநாட்டில் எப்படிச் சோதிக்கிறார்கள்? அமெரிக்காவில் வில்லியம் ராட்லர் என்பவர் கரும்புள்ளி விழுந்த இலைகளைத் திரட்டிக் காயவைத்துப் பொடித்து, தன் நாற்றுகளின் மேல் வேண்டுமென்றே தூவினார். மேலே தண்ணீரும் தெளித்தார். அதில் தப்பிப் பிழைத்த வழியில் வந்ததுதான் 2000ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த 'நாக் அவுட்'. ஜெர்மனியில் ஏ.டி.ஆர். என்ற முத்திரை 1950 முதல் இருக்கிறது. ஒரு புதிய ரகம் அதைப் பெற வேண்டுமானால் பல ஊர்த் தோட்டங்களில் மூன்று ஆண்டுகள், ஒரு சொட்டு மருந்தும் அடிக்காமல், இலையோடு நின்று காட்டவேண்டும். பூவின் அழகுக்கும் மதிப்பெண் உண்டு. ஆனால் இலை நிற்காத செடியைப் பூ காப்பாற்றாது. இருந்தாலும் ஜெர்மன் முத்திரையை நம்பி இங்கே வாங்கிவிட முடியாது. கரும்புள்ளிப் பூஞ்சையில் பல இனக்கூறுகள் உண்டு. ஓர் ஊரில் ஒரு மரபணு காவல் காத்தால், அடுத்த ஊர்ப் பூஞ்சை அந்தக் காவலைத் தாண்டிவிடலாம்.

குற்றாலம் இந்த மாதிரிச் சோதனைக்குப் புதிய ஊர் இல்லை. 1800ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் வாசனைப் பயிர்த் தோட்டத்தை இங்கேதான் போட்டது. இந்தியாவுக்குள் கிராம்பு வந்து வேர்விட்டது அந்தத் தோட்டத்தில். ஜாதிக்காயும் வந்தது. கிழக்கிந்தியத் தீவுகளின் செடிகளான கிராம்பும் ஜாதிக்காயும் மங்குஸ்தானும் இங்கே நிலைத்ததற்குக் காரணம், அவை பிறந்த ஊரின் ஈரமும் வெப்பமும் இந்த மலையடிவாரத்தில் இருந்ததுதான். ரோஜா விஷயத்தில் மட்டும் நாம் அந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை. 1830களில் குற்றாலத்தில் செடி சேகரித்த ராபர்ட் வைட், ஆர்னட்டோடு சேர்ந்து எழுதிய நூலில் நம் மலைகளின் சொந்தக் காட்டு ரோஜா ஒன்றைத் தனி இனமாகக் குறித்திருக்கிறார்: ரோசா லெஷனால்டியானா. நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலை ஓரங்களில் ஏறிப் படரும் வெள்ளை ரோஜா. அது உயரத்தின் குளிரில் வாழ்வது, அடிவாரத்துக்கு இறங்காது. ஆனாலும் தென்னாட்டுக்கென்று ஒரு காட்டு ரோஜா உண்டு என்பதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இந்தப் பக்கத்தில் ரோஜா வயல்பயிர் இல்லை, வீட்டுச்செடி. சங்கரன்கோவில், பாவூர்சத்திரம் பூச்சந்தைகளில் மல்லிகையும் பிச்சியும்தான் ஆட்சி. 1992இல் வந்த 'ரோஜா' படத்தின் நாயகி சுந்தரபாண்டியபுரத்துப் பெண். அந்த ஊர் வயலை இன்று மக்கள் பார்க்கப் போவது சூரியகாந்திக்காக. ஆகவே ரோஜாவை இங்கே காப்பாற்றுவதும் தேர்ந்தெடுப்பதும் வீட்டுத் தோட்டக்காரர் கையில்தான் இருக்கிறது.

இந்த வருடம் என்ன நடலாம் என்று கேட்பவர்களுக்கு என் கணக்கைச் சொல்கிறேன். குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டை, பண்பொழி என்று மலையடியில் இருப்பவர்கள் எட்வர்ட், ஆந்திரா சிவப்பு, கொத்தாகப் பூக்கும் பட்டன் ரோஸ் ஆகியவற்றை முதலில் வையுங்கள். கொடைக்கானல் ரகம் ஏதாவது கைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். அழுத்தமான மஞ்சளையும் இருநிறத்தையும் கடைசிக்கு ஒதுக்குங்கள். தென்காசிக்குக் கிழக்கே, பாவூர்சத்திரம் சுரண்டைப் பக்கம் போகப்போகச் சாரல் மெலியும், காற்று இலையை உலர்த்திவிடும். அங்கே டெல்லி ரகங்களையும் அர்கா ரகங்களையும் துணிந்து நடலாம். சங்கரன்கோவில் கரிசலில் நோயைவிட மண்தான் பிரச்சினை. சுண்ணாம்பும் உப்பும் கூடிய இடத்தில் ரோஜா இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகும். மேட்டுப்பாத்தி, நிறையத் தொழு உரம், முடிந்தால் மழைத்தண்ணீர்.

நடுவதற்குச் சாரல் காலம் ஏற்றதல்ல. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதம் நட்டால் கோடைக்குள் வேர் பிடித்து, அடுத்த சாரலைச் செடி தெம்போடு சந்திக்கும். செடிக்குச் செடி மூன்றடி விடுங்கள். தண்ணீரைக் காலையில் அடியில் ஊற்றுங்கள், இலையில் தெளிக்க வேண்டாம். உதிர்ந்த இலையைத் தினமும் பொறுக்கி எரிப்பது நோய் பரவுவதைக் குறைக்கும். ஒட்டுச்செடி வாங்கினால் ஒட்டுக்கட்டிய கணு எங்கே என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழிருந்து வரும் கிளை வேர்ச்செடியினுடையது. விட்டுவைத்தால் மேல்செடியைக் கொன்றுவிட்டுத் தன் பூவைப் பூக்கும். 'எங்க வீட்டு ரோஜா கலர் மாறிட்டு' என்று சொல்லும் வீடுகளில் நடந்தது இதுதான். ஏழு இலை வந்தால் காட்டுக்கிளை, ஐந்து இலை வந்தால் நல்ல கிளை என்ற கணக்கை நம்பி வெட்டாதீர்கள். நல்ல ரகங்களிலும் ஏழு இலை வரும். கிளை எங்கிருந்து கிளம்புகிறது என்பது மட்டுமே அடையாளம். குச்சி ஊன்றி வளர்த்த செடிக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

தோட்டக்கலைத் துறைக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தருவிப் பக்கம் உங்கள் பூங்கா இருக்கிறது, பழத்தோட்டம் இருக்கிறது. அதில் ஒரு சிறு துண்டில் 30, 40 ரோஜா ரகங்களை நட்டு, மருந்தடிக்காமல் மூன்று சாரலுக்கு விட்டு, எதில் எவ்வளவு இலை நின்றது என்று ஒரு பலகையில் எழுதி வையுங்கள். சீசனுக்கு வரும் அத்தனை பேரும் படித்துவிட்டுப் போவார்கள்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஆவணிக் கடைசியில், சாரல் முடிகிற நேரம், உங்கள் தெருவிலும் பழைய அக்ரகாரங்களிலும் தோப்பு வீடுகளிலும் ஒரு நடை போய் வாருங்கள். எந்த ரோஜாச் செடி இன்னும் இலையோடு நிற்கிறதோ, அந்த வீட்டுக் கதவைத் தட்டி, பென்சில் கனத்தில் ஒரு சாண் நீளக் குச்சி ஒன்று கேளுங்கள்.